லூசி வில்ஸ்: மில் பெண்களின் ரத்தசோகையைத் துரத்தி குன்னூர் வரை வந்த மருத்துவர், வலிப்பு மாத்திரைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பல்லடம் பக்கம் சாமளாபுரம். ஒருபுறம் விசைத்தறி சத்தம், இன்னொருபுறம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள். இந்தப் பகுதியில் கர்ப்பமான ஒரு பெண் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கையில் கொடுத்து அனுப்பும் மாத்திரைகளில் ஒன்று கட்டாயம் இருக்கும்: ஃபோலிக் ஆசிட். முதல் மூன்று மாதம் தனியாக, அதன்பிறகு இரும்புச்சத்தோடு சேர்ந்த சிவப்பு மாத்திரையாக.

இப்படி ஒரு சத்து இருக்கிறது என்பதை முதலில் மோப்பம் பிடித்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். அதைக் கண்டுபிடிக்க அவர் வந்தது பம்பாய்க்கு. பார்த்தது துணி மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகளை. நடுவில் சில மாதங்கள் ஆராய்ச்சி செய்தது, திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஏறினால் வந்துவிடும் நம்ம குன்னூரில்.

அந்தக் கர்ப்பிணி வலிப்புக்கோ, மனநிலைக் கோளாறுக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், இந்த ஃபோலிக் ஆசிட் கதை அவருக்கு இன்னும் கொஞ்சம் நீளமானது. அதற்கு முன்னால், யார் இந்த லூசி?

பட்டம் தராத பல்கலைக்கழகம்

1888 மே 10, பர்மிங்காம் அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். வசதியான, படித்த குடும்பம். அப்பா அறிவியல் பட்டதாரி. பெண்களுக்கு அறிவியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்த ஆரம்பகாலப் பள்ளிகளில் ஒன்றான செல்டன்ஹாம் மகளிர் பள்ளியில் படித்துவிட்டு, 1907-ல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியலும் நிலவியலும் படித்தார்.

1911-ல் தேர்வில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள், அவர் ஒரு பெண். பெண்கள் வகுப்பில் உட்காரலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. கேம்பிரிட்ஜ் இந்த விதியை மாற்றியது 1948-ல்தான்.

அதே 1911-ல் அப்பா இறந்தார். இரண்டே வருடத்தில் அக்கா எடித் 26 வயதில் போய்ச் சேர்ந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டு லூசி 1913-ல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா. அங்கே இருக்கும்போது முதல் உலகப் போர் வெடித்தது. கேப்டவுன் மருத்துவமனையில் சில வாரங்கள் தன்னார்வலராக நர்ஸ் வேலை பார்த்தார். ஊர் திரும்பியவர், 1915-ல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். மருத்துவராகத் தேறியது 1920-ல், 32 வயதில்.

கிளினிக் போட்டு உட்காரவில்லை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், கர்ப்ப காலத்தில் உடம்புக்குள் என்னென்ன மாற்றம் நடக்கிறது என்று ஆராயும் பிரிவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இது பெரிய பேர் வாங்கித் தரும் துறை இல்லை. ஆனால் அதுதான் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

பம்பாயில் என்ன நடந்தது?

1920-களில் பம்பாயில் கர்ப்பிணிகள் ஒருவகை மோசமான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். சாதாரண ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இங்கே தலைகீழ். சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, முழுசாக முதிராமல் இருந்தன. எண்ணிக்கையும் குறைவு. என்ன காரணம், என்ன மருந்து, எதுவும் தெரியவில்லை. பிரசவ கால மரணங்களை ஆராயும் திட்டம் ஒன்றை இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் (இன்றைய ஐசிஎம்ஆரின் முன்னோடி) தொடங்கியிருந்தது. அதில் சேர்ந்து 1928-ல் பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டில் வேலை தொடங்கினார் லூசி.

கிருமியைத் தேடுவதுதான் அன்றைய மருத்துவர்களின் முதல் வேலை. லூசி கூடவே சமையலறையையும் பார்த்தார். மேத்தா, தல்படே என்ற இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து, யார் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வசதியான வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் அரிது. நல்ல சாப்பாடு கிடைக்காத ஏழைப் பெண்களுக்கு, அதிலும் ஏழை முஸ்லிம் பெண்களுக்கு அதிகம். அப்படியானால் இது தட்டில் இல்லாத ஏதோ ஒன்றால் வருகிறது.

அதை நிரூபிக்க எலிகளை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே மாதிரி உணவைச் சினை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. அதே உணவில் ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல். எலிகளின் உடம்பில் இருந்த பேன் வழியாகப் பரவிய ஒரு கிருமியும் ரத்தசோகையைக் கொண்டுவந்து, முடிவுகளைக் குழப்பிவிட்டது. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான், மாதக்கணக்கில் உழைத்தபிறகு பேன் வந்து கதையைக் கெடுக்கும். எலியை விட்டுவிட்டுக் குரங்குக்கு மாறினார்.

1929 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு இடம் மாறியது. அப்போது அங்கே ராபர்ட் மெக்கரிசன் தலைமையில் உணவுச்சத்து ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. (ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கமே இந்தக் குன்னூர் ஆய்வகம்தான். 1958-ல்தான் அது ஐதராபாத் போனது.) 1931 தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையில் வேலை பார்த்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை அது.

பிரெட்டில் தடவுவதுதான் மருந்து

ஆய்வுக் குரங்கு ஒன்று ரத்தசோகையில் சாகும் நிலைக்குப் போய்விட்டது. அதற்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார் லூசி. மார்மைட் என்றால் மருந்து இல்லை. பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுப்பான, உப்புக் கரிக்கும் பசை. ஆங்கிலேயர்கள் காலையில் பிரெட்டில் தடவிச் சாப்பிடுவது. விலையும் குறைவு. குரங்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே ரத்தத்தில் புது அணுக்கள் ஏறத் தொடங்கின. 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது.

கெட்டிக்காரத்தனம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஈரலிலிருந்து எடுத்த சாறு வேறொரு ரத்தசோகைக்கு மருந்தாக அப்போது புழக்கத்தில் இருந்தது. சுத்திகரிக்காத ஈரல் சாறு லூசியின் நோயாளிகளைக் குணமாக்கியது. நன்றாகச் சுத்திகரித்த சாறு குணமாக்கவில்லை. அதாவது, சுத்தம் செய்யும்போது வெளியே போய்விடும் வேறு ஏதோ ஒன்றுதான் இவர்களுக்குத் தேவை. அந்தப் பெயரில்லாத பொருளை மற்றவர்கள் வில்ஸ் ஃபேக்டர் என்று அழைத்தார்கள்.

அதற்கு ஃபோலிக் ஆசிட் என்ற பெயர் வந்தது 1941-ல். அமெரிக்காவின் டெக்சாஸில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தது 1940-களின் நடுவில், லெடர்லே நிறுவனத்தின் குழு. அந்தக் குழுவுக்குத் தலைமை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ். லூசி தேடியதை மாத்திரையாக்கியவர் ஒரு மெட்ராஸ் மாணவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லூசி 1933-ல் லண்டன் திரும்பி ராயல் ஃப்ரீயில் வேலையைத் தொடர்ந்தார். 1937-38-ல் மறுபடி ஒருமுறை பம்பாய் வந்துபோனார். 1947-ல் ஓய்வு. அப்புறமும் சும்மா இருக்கவில்லை, ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ரத்தசோகையைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார். வேலைக்கு சைக்கிளில் போவார், மலை ஏறுவார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் லண்டன் செல்சியில் லேபர் கட்சி கவுன்சிலராகவும் இருந்தார். 1964 ஏப்ரல் 16-ல் இறந்தார்.

ஃபோலிக் ஆசிட் ரத்தத்துக்கு மட்டும் இல்லை, கருவில் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவதற்கே வேண்டும் என்பது உறுதியானபோது அவர் உயிரோடு இல்லை.

கருவுக்கு எப்போது வேண்டும்?

முதல் எச்சரிக்கை சுப்பாராவ் குழுவின் இன்னொரு தயாரிப்பிலிருந்தே வந்தது. ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தை ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கியிருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அதைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கலையாமல் பிறந்த சில குழந்தைகளுக்கு மண்டை ஓட்டிலும் முகத்திலும் குறைபாடு இருந்தது. ஃபோலேட்டை வெட்டினால் கரு தடுமாறுகிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கரு உருவாகிச் சுமார் 28 நாளுக்குள், பின்னால் மூளையும் தண்டுவடமுமாக மாறப்போகும் நரம்புக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தபடி குழந்தை பிறக்கும் (ஸ்பைனா பிஃபிடா). 28 நாள் என்றால், மாதவிலக்கு தள்ளிப்போய், டெஸ்ட் கிட் வாங்கிப் பார்ப்பதற்குள்ளேயே அந்த நேரம் முடிந்துவிடலாம். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாரிடம் நடந்த பெரிய சர்வதேச ஆய்வின் முடிவு 1991-ல் வந்தது. கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு மறுபடி அதே குறைபாடு வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்திருந்தது.

வலிப்பு மாத்திரை எங்கே வருகிறது?

ஃபெனிடோயின் போன்ற பழைய வலிப்பு மருந்துகளைப் பல வருடம் சாப்பிட்ட சிலருக்கு, பம்பாய் பெண்களுக்கு வந்த அதே மாதிரி ரத்தசோகை வருவதை 1950-களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த மருந்துகள் உடம்பின் ஃபோலேட் அளவைக் குறைக்கின்றன. லூசி தேடிய சத்துக்கும் வலிப்பு மாத்திரைக்குமான முதல் முடிச்சு இது.

பெரிய முடிச்சு வால்ப்ரோயேட். 1960-களில் பிரான்சில் தற்செயலாக வலிப்புக்கு நல்லது என்று தெரியவந்து, 1967-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. நல்ல மருந்துதான், சிலவகை வலிப்புக்கு இதைப்போல வேலை செய்வது குறைவு. இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும், சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கும்கூட இதையே எழுதுகிறார்கள். அதனால் தான் சாப்பிடுவது வலிப்பு மாத்திரை என்றே தெரியாமல் சாப்பிடுபவர்களும் உண்டு. மாத்திரை அட்டையில் சோடியம் வால்ப்ரோயேட், டைவால்ப்ரோயக்ஸ் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

1982-ல் பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து ஒரு தகவல் வந்தது: கர்ப்பத்தின் தொடக்கத்தில் வால்ப்ரோயேட் எடுத்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஸ்பைனா பிஃபிடா எதிர்பார்த்ததைவிட அதிகம். பிறகு கணக்கு தெளிவானது. பொதுவாக 100 பிறப்பில் 2, 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். வால்ப்ரோயேட் எடுத்தால் அது சுமார் 10. டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

பார்த்தவுடன் தெரிவது உடல் குறைபாடு. தெரியாதது வளர்ச்சி. இந்த மருந்துக்கு ஆளான குழந்தைகளில் 100-க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, நடை, கவனம், படிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் தாமதமோ சிக்கலோ இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. டென்மார்க்கில் 2013-ல் வந்த ஆய்வில் ஆட்டிசம் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த நீட் என்ற ஆய்வு (நம்ம நீட் இல்லை!) குழந்தைகளை 6 வயது வரை தொடர்ந்து பார்த்தது. லாமோட்ரிஜின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி ஐக்யூ 108, கார்பமஸெபைனுக்கு 105, வால்ப்ரோயேட்டுக்கு 97.

அதே ஆய்வில் லூசியின் சத்தும் தலைகாட்டியது. கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் ஆசிட் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி 108, எடுக்காதவர்களின் குழந்தைகளுக்கு 101.

அப்போ ஃபோலிக் ஆசிட் சேர்த்துக்கொண்டால் வால்ப்ரோயேட் ஆபத்து போய்விடுமா? போகாது. பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. வால்ப்ரோயேட் ஃபோலேட்டோடு மட்டும் மோதவில்லை, மரபணுக்கள் எப்போது இயங்க வேண்டும் என்பதையே கலைக்கிறது. ஃபோலிக் ஆசிட் அவசியம், ஆனால் அது மாற்று மருந்துக்கு ஈடு ஆகாது. 2018 முதல் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடை ஏற்பாடு இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

எல்லா மருந்தும் இப்படி இல்லை. லாமோட்ரிஜின், லெவிடிராசிட்டம் இரண்டிலும் ஆபத்து மிகக் குறைவு, பொதுமக்கள் அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டோபிரமேட்டில் உதட்டுப் பிளவு ஆபத்து கூடுதல். மனநிலைக்குக் கொடுக்கும் லித்தியத்தில் குழந்தையின் இதயம் சம்பந்தமான ஆபத்து கொஞ்சம் உண்டு, முன்பு பயந்த அளவுக்கு இல்லை. ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துச் சிலருக்குத் தொடர்கிறார்கள்.

நிறுத்தினால் சரியாகிவிடுமா?

இதைப் படித்தவுடன் மாத்திரையை நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். தாயின் உயிருக்கும் கருவுக்கும் சேர்த்தே ஆபத்து. மனநிலைக் கோளாறு திரும்பினாலும் அப்படியே. மாற்றுவதற்கு மாதங்கள் பிடிக்கும், அதனால்தான் கருத்தரிப்பதற்கு முன்பே நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் பேச வேண்டும். ஏற்கெனவே கர்ப்பம் என்றால், மாத்திரையைத் தொடர்ந்தபடியே உடனடியாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் அளவையும் அவரே சொல்ல வேண்டும், கடையில் கேட்டு வாங்குவது இல்லை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்துகிறது. கருத்தரிக்கும் முன்பே பதிவு செய்யச் சொல்வதும், பிறந்த குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயது வரை பார்ப்பதும் அங்கே வழக்கம். சரியான கவனிப்பு இருந்தால் வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது.

நம்ம ஊரில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் நிற்கவில்லை. பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் வரன் அமையாது என்று வீட்டிலேயே மறைத்துவிடுகிறார்கள். கல்யாணம் ஆனதும் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை போட வேண்டும், முடியாதபோது அது நின்றுபோகும். கருத்தரிப்பதற்கு முன்பு பேச வேண்டிய பேச்சு, இந்த ரகசியத்தால் மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்த 28 நாள் எப்போதோ முடிந்திருக்கும். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யும் சட்டப் பிரிவை 1999-லேயே நீக்கிவிட்டார்கள் என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது.

கம்பெனியிலும் இதே கதைதான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். தறியோ ஓவர்லாக் மெஷினோ, நைட் ஷிப்ட் பார்க்கும் பெண் இதை மருத்துவரிடம் சொன்னால், இரவு வேலை வேண்டாம் என்று அவர் கடிதம் எழுதிக் கொடுக்க முடியும்.